நான்கு வரி இடம்

நவம்பர் 18

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. போன் போட்டால் எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் தபாலில் வருகிறேன்.

கிறிஸ்துமஸ் கிட்டத்தில் வந்துவிட்டது. ஆண்டுக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த வழக்கம். அவருக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக என் தலையில். இந்த வருஷம் யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யார் வேலை மாறினார்கள் என்று வீட்டுக்கு ஒரு பத்தி எழுதி அனுப்புவார்கள். நான் அதையெல்லாம் கோத்து, நாற்பது ஜெராக்ஸ் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன். எல்லார் பத்தியும் வந்துவிட்டது. உன்னுடையதைத் தவிர என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பத்தியை முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்குப் பிப்ரவரியில் பெண் குழந்தை. பிறந்த நாளிலிருந்து உன்னை மாதிரியே புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறாள், பார்ப்பதையெல்லாம் நிராகரிக்கப் போகிறவள் போல. சின்னவன் கடை வேனை ஓட்டுகிறான். இதுவரை இரண்டு பக்கக் கண்ணாடி போயிருக்கிறது. அத்தான் மே மாதம் ஓய்வு பெற்றார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர் வீட்டில் சும்மா இருப்பாரா? சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்கிறார். உள்ளே நான் ஒருத்திதான் நிற்கிறேன். கடையில் பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். சத்தமே இல்லாமல் ஓடுகிறது. எனக்குத்தான் ஏதோ போலிருக்கிறது.

இதற்கெல்லாம் நீ பதில் போட வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் போடு. உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?

அக்கா


நவம்பர் 22

சலவைக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உறையின் வலது மூலை சரியாக ஒட்டப்படவில்லை.

தங்கள் ஆண்டுக் கடிதங்கள் என்னிடம் கோப்பில் இருக்கின்றன. லிஃப்ட் ஆய்வாளன் எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம், இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாம் பத்தி. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்: "தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் சரி என்று சொன்ன லிஃப்ட் ஒன்று விழுந்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. விசாரணை நடக்கிறது. அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று போனில் மூன்று முறை சொல்லியிருந்தேன். தாங்கள் நாற்பது பேரிடம் சொன்னீர்கள். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபம் ஆறாவது மாடியில். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்ததும் லிஃப்ட்டை விட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது நம்ம ஆளு பாத்த லிஃப்டா? அப்ப நான் படியிலயே வந்துர்றேன்பா" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் படியில்தான் இறங்கினேன், சாப்பிடாமல். பிப்ரவரியில் விசாரணை என்னைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. அதற்கு நாற்பது பிரதி எடுத்தீர்களா?

எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தீர்கள். அதற்கடுத்த ஆறு ஆண்டுக் கடிதங்களிலும், தங்கள் வீட்டுப் பத்திக்கும் தங்கை வீட்டுப் பத்திக்கும் நடுவில், நான்கு வரி அளவுக்கு ஒரு வெற்றிடம். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஆறிலும் ஒரே அளவு. ஆகவே அது அச்சுக் கோளாறு அல்ல, திட்டமிட்ட செயல். செத்தவனுக்குக்கூட ஒரு வரி கிடைக்கிறது. எனக்கு வெள்ளைத் தாள்.

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: வீட்டில் அனைவரும் நலம்.

இப்படிக்கு,
தம்பி என்று தாங்கள் குறிப்பிடும் நபர்


நவம்பர் 26

தம்பிக்கு,

என்னைத் "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். படித்துக் காட்டினேன். அத்தான் எழுந்து நின்று எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.

திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் கேட்பதற்கு உண்மையைச் சொல்.

உன் கடிதத்தின் இரண்டாவது தாளில், கீழ் மூலையில், விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சமையல் எண்ணெய் இல்லை. அது தாளில் இப்படிப் பரவாது. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். தசைக்குத் தேய்க்கிற தைலம். முப்பது வருஷமாக ஊர் அழுக்கை மோந்து பார்த்துத்தான் பிழைக்கிறேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காய்ச்சல் என்று மூட்டையை அவிழ்த்தாலே தெரிந்துவிடும். இந்தத் தைலத்தைப் படுக்கையில் கிடக்கிறவர்களின் விரிப்பில்தான் பார்த்திருக்கிறேன். நீ தேய்த்துவிட்டு, கை கழுவாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். கை கழுவாமல் பேனாவைத் தொடுகிறவனா நீ? அவ்வளவு அசதியா?

"அனைவரும் நலம்" என்கிறாய். இருப்பதே இரண்டு பேர். அவள் நலமாக இருந்தால் எனக்கு அவள் கடிதம் வந்திருக்கும்.

சொல்லிவிட்டேன். இனி மறைத்து ஆகப் போவதில்லை.

அக்கா


டிசம்பர் 1

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை, குளியலறையில், பக்கவாதம். வலது கை, வலது கால். பதினெட்டு நாள் மருத்துவமனை. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. கால் சுவரைப் பிடித்தால் பத்து அடி வரும். கை வரவில்லை.

நான் சமாளிக்கிறேன். அரை நாள் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். கட்டிலை முன்னறைக்கு, ஜன்னலோரம், தெரு தெரியும்படி இழுத்துப் போட்டிருக்கிறேன். குளியலறை வரைக்கும் சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்திருக்கிறேன். லிஃப்ட்டுக்குள் வைக்கிற கம்பிதான். என் எடையைப் போல இருமடங்கு தாங்கும். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன். இடது கையால் சாப்பிடுகிறாள். யாருடைய இரக்கமும் தேவைப்படவில்லை.

இது கடிதத்தில் வரக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. இரண்டையும் நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அவள் உங்களுக்கு எழுதுவாளா? எப்போது? எதை? அவளிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடிக்கிறாள். உடம்பில் பாதி வேலை செய்யவில்லை, நடிப்பில் ஒரு குறையும் இல்லை.


டிசம்பர் 5

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். இஸ்திரிப் பெட்டியை ஓட்டல்காரர் மேசைவிரிப்பின் மேலேயே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். முக்கோணமாகக் கருகிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஆகஸ்டிலிருந்து நாலு மாதம். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் நான் இருக்கிறேன். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. திட்டினால் உன் கோப்பில் அதையும் சேர்த்துக்கொள்வாய்.

சரி, கேட்டதற்குப் பதில். நீ என்னோடு பேச்சை முறித்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு நவம்பரிலும் உங்கள் வீட்டுப் பத்தியை அவள் எழுதி எனக்கு அனுப்பினாள். வேலை பார்த்த பல் டாக்டர் வீட்டு முகவரியிலிருந்து போடுவாள். ஆறு வருஷம், ஆறு தாள். இந்த வருஷம் வரவில்லை. அதனால்தான் என் பயம், அதனால்தான் அந்த முதல் கடிதம்.

"இனி என்னைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்து இருக்கக் கூடாது" என்று கத்திவிட்டுத்தானே போனை வைத்தாய்? அவள் அனுப்பியதை நான் போடவில்லை. உன் கையால் எழுதி வராத எதையும் போடக் கூடாது என்று இருந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு தடவை போட்டு நான் பட்டது போதும். ஆனால் இடம் விட்டேன். கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கொக்கி. ஊருக்குப் போயிருக்கிறவர்களின் கொக்கியில் நான் வேறு துணியை மாட்டுவதில்லை. திரும்பி வருவார்கள். அதுதான் உன் நாலு வரி. நீ அளவுகோல் வைத்து அளந்தது அதைத்தான்.

ஆறு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் முதலில் கேட்டுவிட்டுப் படி.

அக்கா

(இணைப்பிலிருந்து)

முதல் தாள்: "அன்புள்ள அண்ணிக்கு. இவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சந்தோஷப்படவில்லை. கால் முறிந்த அந்த அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை போய் வருகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் கூட்டம் என்பார். ஆபீஸ் கூட்டத்துக்கு யார் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகிறார்கள்?"

மூன்றாம் தாள்: "இந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இவர் எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கி வந்தார். 'மேல் தட்டுல இருக்கிறத எடுக்க நாற்காலி மேல ஏறுற, அது ஆடுது' என்றார். அண்ணி, ஊரில் யாருக்காவது வெள்ளி விழாவுக்கு ஸ்டூல் வந்ததுண்டா? அடியில் ரப்பர் ஒட்டி, என் எடைக்குச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறவிட்டார்."

நான்காம் தாள்: "பல் டாக்டர் வீட்டு வேலையிலிருந்து என்னை நிறுத்தச் சொன்னார், மூச்சு வாங்குகிறது என்று. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உங்களுக்கு எங்கிருந்து கடிதம் போடுவது?"

ஆறாம் தாள்: "உங்கள் கடிதம் வந்தால் முதலில் அந்த வெற்று இடத்தைத்தான் பார்க்கிறார். கொஞ்ச நேரம் விரலை அதன் மேல் வைத்திருப்பார். பிறகுதான் திட்ட ஆரம்பிப்பார்."


டிசம்பர் 10

அக்கா,

அவளிடம் கேட்டேன். தலையை ஆட்டினாள். உரக்கப் படிக்கச் சொன்னாள். ஆறு தாளையும் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தேன். ஸ்டூல் விஷயம் வந்ததும் சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனாலும் அது அவள் சிரிப்புதான். ஆகஸ்டுக்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

முதல் தாளைத் திரும்ப எடுத்தேன். "தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேக்கல?" என்றேன்.

ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "கேட்டா... போறத... நிறுத்திடுவீங்க."

அவளுக்குத் தெரியாத மிச்சத்தையும் அன்றைக்குச் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன். விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் அந்த லிஃப்ட்டின் கயிற்றை நான் பார்த்தேன். எஃகுக் கயிற்றில் மெல்லிய கம்பிகள் சில அறுந்திருந்தன. விதியில் சொல்லியிருக்கிற எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு. கட்டிட மேலாளர், "சார், ஒரே ஒரு மாசம், பண்டிகை முடியட்டும் சார்" என்று கெஞ்சினார். கொடுத்தேன். தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் விசாரணை என்னை விடுவித்தது. விதிப்படி நான் குற்றமற்றவன். ஆனால் என் கை அந்தக் கயிற்றைத் தடவிப் பார்த்தது, அக்கா. அதற்குத் தெரியும். அந்தம்மா அங்கே மாடிகளைத் துடைக்கிறவர். இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறார். நான் போனால் டீ போட்டுக் கொடுத்து, "உங்க மேல என்ன தப்பு சார்" என்கிறார். அதைக் கேட்பதற்காகத்தான் போகிறேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம்.

நீ எழுதியது பொய்யாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் மன்னித்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஜூலை மாதம் அதற்குச் சீல் வைத்தவன் நான்தான். வருஷச் சோதனைக்கு என்னையே அனுப்பினார்கள். கயிற்றில் அதே மாதிரி. இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தவணை கொடுக்கவில்லை. கட்டிட உரிமையாளர் கோபித்துக்கொண்டு, "நீங்களும் இங்கதான குடியிருக்கீங்க, ஏறி எறங்குங்க" என்று பழுது பார்க்காமல் விட்டுவிட்டார். மூன்று வாரத்தில் அவள் விழுந்தாள். மருத்துவமனை ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அன்றிலிருந்து அவள் இந்த நான்காவது மாடியை விட்டு இறங்கவில்லை.

போன வாரம் உரிமையாளர் வந்து, "உங்க வீட்டம்மாவுக்காக ஒரே ஒரு தடவ சீல எடுத்துட்டு எறக்குங்களேன், யாரு கேக்கப் போறா?" என்றார். கதவைச் சாத்தினேன். மேலிடத்துக்கு மூன்று புகார் எழுதியிருக்கிறேன். ஜனவரியில் புதுக் கயிறு வரும் என்கிறார்கள்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்த் தெரு மாதா கோயில் வாசலில் மரத்துக்கு விளக்குக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று, "அண்ணி வீட்டு... மேசை... எவ்ளோ பெருசுல்ல" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்கவே மாட்டாள்.

இதையெல்லாம் எழுதியது உதவி கேட்பதற்காக அல்ல.

தம்பி


டிசம்பர் 14

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அத்தான் வழியை மறித்தார். "எங்க எறங்கணும்னு கேட்டுட்டு ஏறு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்தது தப்பு. அன்பினால் செய்தேன், எல்லாரும் உனக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று செய்தேன் என்றெல்லாம் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ மூன்று தடவை வேண்டாம் என்றாய். நான் செய்தேன். அவ்வளவுதான். மன்னித்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு லிஃப்ட்டைத் தொட வேண்டாம். அது உன் மானம். ஆனால் படிக்கு யாரும் சீல் வைக்கவில்லையே? அத்தான் இருக்கிறார். பெரியவன் இருக்கிறான். சின்னவன் வேனோடு இருக்கிறான். நீ நாலாவது. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போதும். என்னிடம் ஓட்டல் படுக்கைவிரிப்பு ஐம்பது இருக்கிறது. நாலாக மடித்து நாற்காலிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் ஆளோடு கட்டிலையே தூக்கலாம். எங்கள் வீடு தரைத்தளம். ஜனவரியில் கயிறு வரும் வரைக்கும், அதற்கு அப்புறமும், நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையைக் காலி செய்துவிட்டேன். பாய்லர் பக்கம் என்பதால் கதகதப்பாக இருக்கும்.

ஆனால் நீ கேட்காமல் வர மாட்டேன். கேட்காமல் செய்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். இல்லாவிட்டால் நாளைக்கு நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவாய். ஒரே ஒரு சொல் எழுது. நீ எழுதாவிட்டால் இந்தக் கிறிஸ்துமஸும் அவள் ஜன்னலில்தான்.

ஆண்டுக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தாமதம். தங்கை போன் போட்டு, "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


டிசம்பர் 18

அக்கா,

வா.

மேலே உள்ளதை எழுத மூன்று நாள் ஆயிற்று. மற்றது எளிது.

படிகள் மொத்தம் அறுபத்தெட்டு. மாடிக்குப் பதினேழு. நடுவில் திரும்பும் இடம் குறுகல். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும். இரண்டாவது மாடியில் ஒன்பதாம் படி விளிம்பு உடைந்திருக்கிறது. சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெரியவனும் சின்னவனும் கீழ்ப்பக்கம். அத்தானும் நானும் மேல்பக்கம். மாடிக்கு ஒரு தடவை கீழே வைத்து ஓய்வு, யாருக்கும் அசதி இல்லாவிட்டாலும். அத்தானிடம் சொல், "ரைட், ரைட்" என்று குரல் கொடுக்கிற வேலை அவருக்குத்தான்.

உன் படுக்கைவிரிப்பின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நாற்காலிக்கு நானே தோல்வார் போட்டிருக்கிறேன். அவள் எடை ஐம்பத்தெட்டுக் கிலோ. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஐந்தை வைத்து, வாரை மாடி உத்தரத்தில் மாட்டி, ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டேன். வார் இழுபடவில்லை. சான்றிதழ் இணைத்துள்ளேன். சிரிக்காதே. அவளும் சிரித்தாள்.

நாலு பேர் தூக்கப் போகிறோம் என்று சொன்னதும் என்ன சொன்னாள் தெரியுமா? "நாலு பேரா? நான்... இன்னும்... சாகலியே." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவளே சிரித்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி, காலை பத்து மணி. வெளிச்சம் படியில் நன்றாக விழும் நேரம்.

தம்பி


டிசம்பர் 20 (சலவைச் சீட்டின் பின்புறம்)

வருகிறோம். சான்றிதழைக் கடையில், கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். அவளுக்குக் கம்பளி எடுத்து வை. வேனில் ஒரு பக்க ஜன்னல் கண்ணாடி இல்லை, காற்று வரும்.


டிசம்பர் 26

அக்கா,

அடுத்த அறையிலிருந்து எழுதுகிறேன். நீ கடையில் இருக்கிறாய். பண்டிகைக்கு மறுநாள்கூட உனக்கு இஸ்திரி. ஆவி சீறுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. பத்து அடி நடந்து வந்து நேரில் சொல்லலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் நேரில் பேசினால் எப்படி முடியும் என்று உனக்கும் தெரியும். எழுதும்போதுதான் எனக்கு மனிதனாக இருக்க வருகிறது.

நேற்று மேசையில் அவளை உன் பக்கத்தில் உட்காரவைத்தாய். கேக்கை வெட்டிக் கொடுக்கவில்லை. கத்தியை அவள் இடது கையில் கொடுத்துவிட்டு உன் பாட்டுக்கு அத்தானோடு பேசிக்கொண்டிருந்தாய். கோணலாக வெட்டினாள். நான்கு மாதமாக நான்தான் அவளுக்கு எல்லாம் வெட்டிக் கொடுத்தேன். அவள் வெட்டுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவனின் பெண் அவள் மடியில் உட்கார்ந்து, அசையாத அந்த வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தது. சுண்டுவிரல் அசைந்தது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஆண்டுக் கடிதத்தின் மூலப்படியை நேற்று எனக்கு எதிரே வைத்துவிட்டுப் போனாய். பேனாவையும் வைத்திருந்தாய். நிரப்பியிருக்கிறேன். இன்றைக்கே நாற்பது பிரதி எடு. புத்தாண்டுக்காவது போய்ச் சேரட்டும். கல்யாண மண்டபத்துச் சித்தப்பாவுக்கு இரண்டாக அனுப்பு.

"தம்பி வீடு: ஆகஸ்ட் மாதம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். டிசம்பர் 23 அன்று அத்தானும் பெரியவனும் சின்னவனும் நானும் அவளை நான்கு மாடி, அறுபத்தெட்டுப் படி, நாற்காலியில் தூக்கி இறக்கினோம். வழியில் மூன்று முறை சிரித்தாள். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் விழுந்த லிஃப்ட்டின் கயிறு தேய்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு மாதம் தவணை கொடுத்தேன். ஒரு பெண்ணின் கால் முறிந்தது. அக்கா அன்றைக்கு எழுதியது உண்மை. உண்மையை எழுதியதற்காக அவளோடு ஏழு ஆண்டு பேசாமல் இருந்தேன். எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

இதன் கீழே கோழி கிளறியது போல இருப்பது மைக் கறை அல்ல, அவளுடைய கையெழுத்து. இடது கையால், முதல் முறை. ஜெராக்ஸில் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்.

இடம் போதவில்லை. ஓரத்தில் ஏறி, தங்கை வீட்டுப் பத்தியின் தலையில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு பத்து வரி விடு.

தம்பி